வாசலில் ஜாக்கி போடும் நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,



வெயில் ஏறுமுன் வீட்டு வாசலிலோ அடுக்ககத்துக் கார் நிறுத்துமிடத்திலோ உட்கார்ந்து சொந்தக் காரைத் தாங்களே கழற்றிப் பார்க்கிறவர்கள் நீங்கள். ஆயில் மாற்றப் பழகிவிட்டீர்கள், ஏர் ஃபில்டரும் பிளக்கும் உங்களுக்கு அத்துப்படி. அடுத்ததாகப் பலருடைய கை பின் சக்கரத்துப் பிரேக் ஷூவுக்குப் போகிறது. அதற்காகத்தான் இந்த மடல். தடுப்பதற்காக எழுதவில்லை, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் பழைய ஷூவை எடுத்துப் புதிய ஷூவை மாட்டுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பல ஆண்டுகளாக மூடிக் கிடந்த டிரம்மை நீங்கள் திறக்கிறீர்கள். உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று பொறுமையாகப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் அன்றைய முக்கிய வேலை.

முன் சக்கரத்து டிஸ்க் பிரேக்கில் பேட் எவ்வளவு மிச்சம் என்பதை வீல் இடுக்கு வழியே டார்ச் அடித்தாலே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். பின்னால் இருக்கும் டிரம்மில் அது முடியாது. ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, இண்டிகா என்று நம் தெருக்களில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் டிரம்தான். அதோடு, பிரேக்கை மிதித்தவுடன் வண்டியின் எடை முன்பக்கம் இறங்கிவிடுவதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்கே பார்த்துக்கொள்கிறது. பின் ஷூ மெதுவாகத் தேய்ந்து ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அதனாலேயே சர்வீஸ் பில்லில் ‘பிரேக் கிளீனிங்’ என்ற வரியைப் பார்த்ததோடு நாம் திருப்தியடைந்துவிடுகிறோம்.

தேய்மானம் முதலில் தெரிவது ஹேண்ட் பிரேக்கில். லிவர் வழக்கத்தைவிட மேலே ஏறும். பாலத்துச் சரிவில் நிறுத்தினால் வண்டி பின்னால் நகரும். உடனே பலர் செய்வது, கியர் பக்கத்து மூடியைக் கழற்றி, கேபிள் நட்டைத் திருகி டைட் வைப்பது. லிவர் கீழே வந்துவிடும், மனமும் சமாதானமாகிவிடும். ஆனால் டிரம்முக்குள் நடப்பது வேறு. ஹேண்ட் பிரேக்கை விட்ட பிறகும் இறுகிய கேபிள் உள்ளே இருக்கும் சின்ன நெம்புகோலை லேசாக இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். அந்த நெம்புகோல் தன் இடத்தில் முழுதாகப் போய் உட்கார்ந்தால்தான், ஷூ தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் ஒழுங்காக வேலை செய்யும். கேபிளை இறுக்கினால் அட்ஜஸ்டர் நின்றுபோகும், பெடல் பள்ளமாகும், ஒரு பக்கம் உரசிச் சூடேறும். கேபிளைத் தொடுவது கடைசி வேலை. முதலில் டிரம்மைத் திறந்து ஷூவையும் அட்ஜஸ்டரையும் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் லிவர் மேலே ஏறினால் மட்டும் கேபிளுக்குப் போங்கள்.

டிரம்மைத் திறந்து பார்க்க நம் ஊருக்கு இன்னொரு தனிக் காரணமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. எஞ்சினையும் சீட்டையும் எல்லாரும் பார்த்தார்கள். டிரம்முக்குள் போன சேற்றைப் பார்த்தவர்கள் குறைவு. தண்ணீர் வடிந்த பிறகும் வண்டல் உள்ளேயே தங்கும், டிரம்மின் வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும், அட்ஜஸ்டர் இறுகிப்போகும். ஹேண்ட் பிரேக் போட்டபடி நனைந்து நின்ற வண்டியில் ஷூ டிரம்மோடு ஒட்டியே போய்விடுவதுண்டு. அப்படி நின்ற காரை நீங்கள் வாங்கியிருந்தால், ஷூ தேய்ந்திருக்கிறதோ இல்லையோ, ஒருமுறை திறந்து பார்த்தே ஆகவேண்டும்.

டிரம் பிரேக்கைப் பழைய காலத்துச் சரக்கு என்று சிலர் இளக்காரமாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. லூயி ரெனோ 1902-இல் இதற்குக் கொடுத்த வடிவத்தின் அடிப்படை இன்றும் மாறவில்லை. வீல் சிலிண்டர் இரண்டு ஷூக்களையும் வெளிப்பக்கம் தள்ளுகிறது. சுழலும் டிரம்மில் அவை உரசுகின்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு. டிரம் சுழலும் திசையிலேயே அழுந்தும் முன்பக்க ஷூவை, டிரம் தானே இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளும். காலால் கொடுத்த விசை அங்கே பெருகிவிடும். அந்தப் பெருக்கம்தான் ஆபத்தும். ஒரு பக்க ஷூவில் மட்டும் கிரீஸோ பிரேக் ஆயிலோ பட்டால் இரண்டு சக்கரத்தின் பிடியும் வேறுவேறாகி, ஈரச் சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இது பழைய சரக்கு இல்லை என்பதற்கு இன்னொரு சான்று: ஃபோக்ஸ்வாகன் தன் ஐ.டி.4 மின்சாரக் காருக்குப் பின்னால் டிரம் பிரேக்கையே வைத்திருக்கிறது. மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுவதால் பின் பிரேக்குக்கு அங்கே வேலை குறைவு. வேலையில்லாத டிஸ்க் துருப்பிடிக்கும், மூடிய டிரம் தாங்கும்.

இந்த வேலைக்கும் சென்னைக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும் 1974-இல் தொடங்கிய சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடியில் இருக்கின்றன. 1964-இல் தொடங்கிய ராணே பிரேக் லைனிங் அம்பத்தூர்க்காரர்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. லைனிங் செய்து பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. எனவே நல்ல ஷூ கிடைப்பது நமக்குக் கஷ்டமே இல்லை. பெயர் தெரியாத அட்டைப்பெட்டியில் பாதி விலைக்குக் கிடைக்கும் சரக்கை வாங்க எந்த நியாயமும் இல்லை. ஜி.பி. ரோட்டிலோ உங்கள் ஊர்க் கடையிலோ வாங்கும்போது காரின் மாடலையும் தயாரித்த ஆண்டையும் சொல்லுங்கள். முடிந்தால் பழைய ஷூவைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய் அகலம், வளைவு, ஸ்பிரிங் மாட்டும் துளை எல்லாம் ஒத்துவருகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நான்கு ஷூவும் ஒரே செட்டாக வேண்டும். ஸ்பிரிங் செட்டும் வாங்கிவிடுங்கள். சூட்டில் வெந்து தளர்ந்த ஸ்பிரிங் ஷூவைச் சரியாகப் பின்னுக்கு இழுக்காது. அதில் மிச்சம் பிடிக்கிற காசு மிகச் சொற்பம்.

இனி ஜாக்கி. வண்டியோடு வரும் ஜாக்கி, பஞ்சரான டயரைக் கழற்றி ஸ்டெப்னி மாட்டுவதற்கானது. வேலை செய்யும் நேரம் முழுவதும் வண்டியைத் தாங்குவதற்கானது அல்ல. இரும்பு ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள். கிடைக்காத ஊரில் இருந்தால் அதுவரை இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். செங்கலும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம். சுவரில் பரவலாக எடை தாங்கும் கல், ஒரே முனையில் காரின் எடை இறங்கும்போது எந்த அறிகுறியும் காட்டாமல் நொறுங்கும். மண் தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். சரிவில் செய்யாதீர்கள். டிரம் வெளியே வரவேண்டுமானால் ஹேண்ட் பிரேக்கை விட்டாகவேண்டும், ஆகவே வண்டியைப் பிடித்து வைப்பது முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைக்கும் மரக்கட்டையும் கியரும் மட்டுமே. நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லூஸ் செய்துவிடுங்கள். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். குழந்தைகளை உள்ளே இருக்கச் சொல்லுங்கள்.

டிரம் எப்படிக் கழலும் என்பது காருக்குக் கார் மாறும். சிலவற்றில் சக்கர நட்டுகள் போனதும் டிரம்மை இழுத்துவிடலாம்; டிரம்மில் மரை வெட்டிய இரண்டு துளை இருந்தால், பொருத்தமான போல்ட்டை இரண்டிலும் மாறி மாறித் திருகினால் தானே வெளியே வரும். பல சின்ன மாருதி கார்களில் டிரம்மும் ஹப்பும் ஒன்றாகவே இருக்கும், பேரிங்கும் அதற்குள். அங்கே நடு நட்டைக் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது அந்த நட்டு அதற்கென்று சொல்லப்பட்ட அளவுக்கு இறுக வேண்டும், டார்க் ரென்ச் இல்லாமல் அது நடக்காது. மடித்துப் பூட்டிய பழைய நட்டையும் வளைத்து எடுத்த பின்னையும் மறுபடி போடக் கூடாது. உங்கள் கார் இந்த வகையாக இருந்து, டார்க் ரென்ச்சும் இல்லை என்றால், இந்த வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

டிரம் வர மறுத்தால் சுத்தியலால் போட்டு அடிக்காதீர்கள். உள்விளிம்பில் தேயாத ஒரு வரம்பு நின்று ஷூவைப் பிடித்துக்கொண்டிருக்கும். பின்தட்டில் ரப்பர் அடைப்பு போட்ட துளை ஒன்று இருக்கும். அது வழியே ஸ்குரூ டிரைவரை விட்டு அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் ஷூக்கள் சுருங்கி வழிவிடும்.

டிரம் வந்ததும் அந்தக் கறுப்புத் தூசி தெரியும். இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள், இந்த மடலை எழுதத் தூண்டியதே இந்தத் தூசிதான். வாயால் ஊதாதீர்கள். துணியால் தட்டாதீர்கள். பஞ்சர் கடைக் காற்றுக் குழாயைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். பல பத்தாண்டுகள் உலகெங்கும் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தார்கள், சூடு தாங்கும் என்பதற்காக. அதன் எல்லா வகைகளையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூச்சில் போன இழை, 20, 30, 40 ஆண்டு கழித்து நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் நோயாக வெளிப்படும். பெரிய நிறுவனங்கள் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங்குக்கு மாறிவிட்டன. ஆனால் நம் நாட்டில் அதற்கு முழுத் தடை இல்லை. உங்கள் பழைய காரில் முந்தைய சொந்தக்காரர் எந்த ஷூவைப் போட்டார் என்று உங்களுக்குத் தெரியாது, பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எல்லாத் தூசியையும் ஆஸ்பெஸ்டாஸ் என்று எண்ணியே நடத்துங்கள்.

செய்முறை எளிது. ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரும் சில சொட்டு சோப்புக் கரைசலும். சீறியடிக்காமல் மென்மையாக, எல்லாம் ஊறி ஈரமாகும்வரை தெளியுங்கள். அடியில் ஒரு தட்டு வைத்து வடியும் கறுப்புத் தண்ணீரைப் பிடியுங்கள். ஈரத் துணியால் துடைத்து, துணி காயும் முன்பே பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். கையுறையும் தூசித் துகளை வடிகட்டும் நல்ல முகக்கவசமும் போடுங்கள், கைக்குட்டை போதாது. அன்று போட்ட சட்டையை உதறாமல் தனியாக நனைத்துத் துவையுங்கள். 1995-இல் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எத்தனையோ தெருவோர ஒர்க்‌ஷாப்புகளில் ஒரு பையன் டிரம்முக்குள் கம்ப்ரஸர் காற்றை அடித்து, அந்தப் புகைக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கிறான். நீங்கள் கார் விடும் கடையில் அதைப் பார்த்தால், ‘தம்பி, எனக்குத் தண்ணீர் தெளித்தே துடை, நேரமானாலும் பரவாயில்லை’ என்று சொல்லுங்கள். முதலாளியிடமும் சொல்லுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் நடக்கும்.

பெட்ரோலும் மண்ணெண்ணெயும் போட்டுக் கழுவுவது நம் கடைகளின் இன்னொரு பழக்கம். தீப்பிடிப்பது ஒரு புறம் இருக்கட்டும். வீல் சிலிண்டரின் ரப்பர் கப்பில் இவை பட்டால் ரப்பர் ஊதிப்போகும், லைனிங்கில் ஊறினால் பிடி போகும். சோப்புத் தண்ணீர், அல்லது கடையில் விற்கும் பிரேக் கிளீனர். மற்றது வேண்டாம்.

சுத்தமானதும் எதையும் கழற்றாமல் பாருங்கள். போட்டோ எடுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில், எது முன், எது பின். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைத் திறக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அங்கே அசல் அப்படியே இருக்கும். லைனிங் 1.5 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. உங்கள் காருக்கான சரியான அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஒரு ஷூ மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காரணத்தைத் தேடுங்கள். டிரம்மின் உள்ளே விரலை ஓட்டிப் பாருங்கள். ஆழமான வரி விழுந்திருந்தால் கடைசலுக்குப் போக வேண்டும். உள்விட்டம் எந்த அளவைத் தாண்டக் கூடாது என்பது பெரும்பாலும் டிரம்மிலேயே பொறித்திருக்கும்.

அடுத்து, வீல் சிலிண்டரின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் மூடியை நகத்தால் மெல்ல விலக்குங்கள். உள்ளே காய்ந்திருந்தால் நல்லது. ஈரம் சொட்டினால் சிலிண்டர் கசிகிறது, புதிய ஷூ மாட்டி ஒரு பயனும் இல்லை. சில வாரத்தில் அதுவும் நனைந்துவிடும். முதல் தடவை செய்கிறவர் இங்கே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் சரி. சிலிண்டர் மாற்றினால் குழாயைக் கழற்ற வேண்டும், பிறகு ஏர் எடுக்க வேண்டும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும், பழக்கமும் வேண்டும். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக்கை மிதிக்கக் கூடாது என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள். மிதித்தால் பிஸ்டன் வெளியே துள்ளிவிடும்.

ஷூவைப் பின்தட்டோடு பிடித்து வைத்திருப்பது ஆணி போன்ற ஒரு பின், ஒரு சின்ன ஸ்பிரிங், அதன் மேல் ஒரு கிண்ணம். இடது கையைப் பின்தட்டுக்குப் பின்னால் கொண்டுபோய், பின்னின் தலையை விரல் நுனியால் அழுத்திக்கொள்ளுங்கள். வலது கையில் பிளேயரால் கிண்ணத்தைக் கவ்வி உள்ளே அழுத்தி, கால் சுற்றுத் திருப்புங்கள். பின்னின் தட்டை முனை கிண்ணத்தின் பிளவுக்கு நேராக வந்ததும் விரலுக்கு அது விடுபடுவது தெரியும். மெல்லத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிங் தெறித்து ஓடும். இந்த நேரத்தில் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். இரண்டு பின்னும் வந்ததும் ஷூ இரண்டையும் சேர்த்து அகட்டி எடுத்தால், ஸ்பிரிங்கும் அட்ஜஸ்டரும் கூடவே வந்துவிடும். பின்பக்க ஷூவில்தான் ஹேண்ட் பிரேக் நெம்புகோல் இருக்கும். கேபிள் கொக்கியை விடுவித்து, நெம்புகோலைப் புதிய ஷூவுக்கு மாற்றுங்கள். அதைப் பிடிக்கும் கிளிப் புதிதாக இருக்கட்டும்.

பின்தட்டில் ஷூ உரசும் மேடுகள் சில பளபளவென்று தெரியும். அவற்றில் சூடு தாங்கும் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். பட்டாணி அளவுகூட அதிகம். அட்ஜஸ்டரின் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, தடையில்லாமல் ஓடுகிறதா பாருங்கள். மரை உள்ள வகையில் இடதும் வலதும் எதிரெதிர் மரையாக இருப்பதுண்டு, மாற்றிப் போட்டால் இடைவெளி குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போகும். லைனிங்கை வெறும் விரலால் தொடாதீர்கள்.

பூட்டி முடித்ததும் டிரம்மை மாட்டிச் சுற்றுங்கள். லேசாக ஒரு உரசல் சத்தம் காதில் விழ வேண்டும், கையைத் தடுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் முடிந்த பிறகு, வண்டியை எடுப்பதற்கு முன்பே பெடலைப் பல தடவை மிதியுங்கள். முதல் சில மிதிக்குக் கால் பள்ளத்தில் போகும். பிறகு உயர்ந்து கெட்டியாகும். பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது, அந்த நிலையில் வண்டியை நகர்த்தாதீர்கள். பிரேக் ஆயில் டப்பாவையும் பாருங்கள். தடித்த ஷூ பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் அளவு ஏறியிருக்கும், வழிந்தால் பெயிண்ட்டை அரித்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ்வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். நீர் கலந்தால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். மூடி திறந்து பல மாதம் ஆன பாட்டிலை ஊற்றாதீர்கள்.

முதல் ஓட்டம் வெறிச்சோடிய தெருவில், நடக்கிற வேகத்தில். பிறகு 40 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய் மெதுவாக அழுத்தி வேகம் குறைத்து, சிறிது ஓடவிட்டு மறுபடி. புதிய லைனிங் டிரம்மின் வளைவுக்குப் படியும்வரை பிடி முழுதாக வராது. அந்தச் சில நாள் முன் வண்டிக்கு இடைவெளி கூடுதலாக விடுங்கள். திரும்பி வந்ததும் இரண்டு டிரம்முக்கும் பக்கத்தில், தொடாமல், கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே ஷூ விடவில்லை. அட்ஜஸ்டரையும் கேபிளையும் திரும்பப் பாருங்கள். சக்கர நட்டுகளை மறுநாள் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பின் சக்கரங்களின் உட்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், ஆயில் டப்பாவின் அளவையும் பாருங்கள். டயரின் உட்சுவரில் ஈரக் கோடு தெரிந்தாலோ டப்பாவில் அளவு இறங்கியிருந்தாலோ, காரை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய ஆல்ட்டோக்காரன்,
அம்பத்தூர்